காற்றுக்கு வார்த்த ஈயம்

காற்று அடிக்கிற நாளில் மீனை நிறுப்பது லேசான காரியமில்லை. கையில் தூக்கிப் பிடிக்கிற தராசு அது. கொக்கியில் மாட்டிய மீன், கொடியில் காயும் சட்டை மாதிரி ஆடும். சின்னத் திரையில் எண்கள் ஏறும், இறங்கும், நின்றுவிட்டதுபோல் ஒரு நொடி நின்று மறுபடி ஓடும். அந்த ஓட்டத்தில் தனக்கு வேண்டிய எண்ணைப் பிடித்துக்கொள்ள யாருக்கும் ஆசை வரும். ஷஃபீனா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். எண் நின்றதும் மூன்று மூச்சு விடுவாள். மூன்று மூச்சுக்கும் அசையாத எண்ணைத்தான் வாய்விட்டுச் சொல்வாள்.

ஆனி மாதத்துச் சோழகக் காற்று தெற்கிலிருந்து மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கருக்களாச்சேரியைத் தாண்டி சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் தூண்டில் கிளப்பின் போட்டி. காலை ஆறு மணியிலிருந்து இருபத்துமூன்று ஆண்கள் ஆளுக்கு இருபது அடி தள்ளி நின்று தூண்டில் ராடை வீசிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் கற்ற வித்தை.

மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போன தாமரைச்செல்வி நின்று பார்த்தாள். ஊர்ப் படகுகளில் வரும் மீனை வாங்கி டவுனுக்குக் கொண்டுபோய் விற்கிறவள். அவளுக்கு இந்தப் போட்டி ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பை வரவழைத்தது.

"ஏம்மா, இத்தன ஆம்பளயும் சேந்து புடிச்சது ஒரு கொழம்புக்குக் காணுமா?"

"கொழம்புக்கு இல்லக்கா, கப்புக்கு" என்றாள் ஷஃபீனா.

"கப்புல சாயா குடிக்கலாம். மீனு வேணும்னா எங்கிட்ட வாங்கிக்க" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அந்தக் கப்பு இன்றைக்கு வேண்டும் என்று ஷஃபீனா விடியற்காலை சுபுஹு தொழுகையில் துஆ கேட்டிருந்தாள். அவள் கணவன் தமீம் அன்சாரிக்காக. பதினான்கு வருடம் குவைத்தில் ஏசி பழுதுபார்த்துவிட்டு மூன்று வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தவன். செல்போன் உதிரிபாகக் கடை வைத்து மூடியாகிவிட்டது. இப்போது அண்ணன் காஜா நஜ்முதீனின் ஹார்டுவேர் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்கிறான். கல்லாவில் இல்லை, பக்கத்தில். மிச்சமிருப்பது இரண்டு ராடுகளும், அவற்றைத் தோளில் சாய்த்து நடக்கும்போது மட்டும் நிமிர்கிற முதுகும்தான். அந்த முதுகை ஒருமுறையாவது எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் கேட்டாள்.

அவளுக்கென்றும் அந்தக் கரையில் ஒன்று இருந்தது. போன வருடம் கிடைத்தது. அன்றைக்கும் காற்றுதான். போட்டிக்கு வந்த அஜ்மீரின் மீன் ஒரு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. தமீமுடையது ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. கிளப் தலைவருக்குக் கண்ணாடி கொண்டுவர மறந்துபோனதால் தராசு அவள் கையில் இருந்தது. மூன்று மூச்சு பார்த்தாள். நாற்பதில் நின்றது. நாற்பது என்றாள். கணவன் தோற்றான். அறுபது என்று சொல்லியிருந்தால் கேட்க ஆள் இல்லை.

"இனிமே தராசு தங்கச்சி கையிலதான்" என்று அன்றைக்குச் சொன்னவர் கிளப்பில் தூண்டில் போடும் நெரவி ஊர் தெட்சிணாமூர்த்தி. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் தமீம் வாயைத் திறந்தான். "இருவது கிராமு என்ன, ஒங்க வாப்பா வீட்டு சீதனமா? குடுத்தா கொறஞ்சிடுமா?"

கொடுத்தால் குறைந்துதான் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் அவள் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, அஃப்ராவின் உம்மா. ஷஃபீனா சொன்னால் சரியாக இருக்கும் என்பது மட்டும் யார் மூலமாகவும் வராமல் நேராக அவளுக்கு வந்தது. அது தனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நினைத்து அவ்வப்போது கூசியும் இருக்கிறாள்.

தெட்சிணாமூர்த்தி வேளாண் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்த சைவம். பிறந்ததிலிருந்து ஒரு துண்டு மீன் வாயில் வைத்ததில்லை. அவர் மனைவி பெரியநாயகி ராடையே வீட்டுக்குள் விடமாட்டாள், மாட்டுக்கொட்டகையில்தான் சாத்திவைக்க வேண்டும். பின் எதற்கு இந்த வேலை என்று ஒருநாள் ஷஃபீனா கேட்டபோது, "அது இழுக்கிறப்ப கையில தெரியுதே தங்கச்சி, அதுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு கையில தெரியுது. எத்தன எடை, எந்தப் பக்கம் தலை, பயந்துருக்கா, கோவமா, எல்லாம்" என்றார்.

பிடித்த மீனையெல்லாம் அவள் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். அதற்கு அவர் கேட்கிற கூலி ஒன்றுதான். அறுக்கும்போது வயிற்றில் என்ன இரை கிடந்தது என்று போனில் சொல்ல வேண்டும். "ரெண்டு மடவக்குஞ்சுண்ணே, ஒரு நண்டுக்காலு." அவர் அதை ஒரு பழைய டைரியில் தேதி, காற்று, அலை என்று கட்டம் போட்டு எழுதிக்கொள்வார். மூன்று வருடமாக அவர் வீசும் இரையெல்லாம் அவள் சொல்லில்தான் முடிவாகியிருந்தது.

கிளப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் வருடம் கப்புக்காக இரண்டு பேர் சண்டை போட்டுப் பேச்சை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு தலைவர் நூர் அகமது ஒரு விதி போட்டார். ஜெயித்தவன் தன் மீனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இரண்டாவதாக வந்தவனிடம் தன் கையாலேயே கொடுத்துவிட வேண்டும். "ஒருத்தன் கப்பத் தூக்கிட்டுப் போவட்டும், ஒருத்தன் கொழம்ப தின்னட்டும். அல்லாவுக்குப் பொதுவா எல்லாருக்கும் நெஞ்சு ஆறும்" என்றார்.

பதினொரு மணிக்கு விசில் ஊதினார்கள். காற்று பலத்துவிட்டதால் பலருக்கு ஒன்றும் இல்லை. சிலருக்குக் கெளுத்தி, சிலருக்கு விரல் நீளக் கிழங்கான். இரண்டே இரண்டு பேரிடம்தான் பெரிய கொடுவா மீன் இருந்தது. தெட்சிணாமூர்த்தியுடையதை முதலில் மாட்டினார்கள். மூன்று மூச்சு. "மூணு கிலோ அறுநூத்திப் பத்து."

அடுத்தது தமீமுடையது. வாயில் கொக்கியை மாட்டித் தூக்கியபோது வயிறு கனத்துத் தொங்கியது. "நல்லா தின்ன மீனு" என்று சிரித்தபடியே முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்றாள். பர்தாவின் ஓரம் படபடவென்று காலில் அடித்தது. எண் ஆடியது, ஓய்ந்தது. ஒரு மூச்சு. இரண்டு. மூன்றாவதிலும் எண் அசையவில்லை. ஆனாலும் பொறுத்தாள். கூடுதலாக ஒரு மூச்சும் பார்த்தாள்.

"மூணு கிலோ எழுநூத்தி இருவது."

கைதட்டல் காற்றில் அடித்துக்கொண்டு போயிற்று. தமீம் கப்பை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். அந்த முதுகை எல்லோரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அழக்கூடாது என்று மணல் விழுந்தமாதிரி கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

வழக்கப்படி தமீம் தன் கொடுவாவைத் தெட்சிணாமூர்த்தியிடம் கொடுத்தான். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். ஏதோ சரியாகப் பிடிபடாததுபோல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சற்று நேரம் கடலைப் பார்த்தார். பிறகு ஷஃபீனாவின் கூடையில் வைத்தார்.

"வழக்கம்போலதான் தங்கச்சி. வயித்துல என்னன்னு பாத்துச் சொல்லு."

மதியம் ளுஹர் தொழுதுவிட்டுக் கொல்லைப்புறத்துத் துவைகல்லில் மீனை வைத்து உட்கார்ந்தாள். செதிலை உரித்தாள். கத்தியை வயிற்றில் வைத்துக் கீழிருந்து மேலாக இழுத்தாள். குடலை வாரி எடுத்தபோது இரைப்பை கல்லாகக் கனத்தது. அதைக் கீறினாள்.

டொக் என்று கல்லில் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று.

மூன்று ஈயக்கட்டிகள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கழுவாமலே தெரிந்துவிட்டது. அவள் வார்த்தவைதான்.

தூண்டிலுக்கு வேண்டிய ஈயத்தை அவள்தான் வீட்டில் வார்ப்பாள். டயர்க் கடையில் கழித்துப்போட்ட ஈயத் துண்டுகளைப் பழைய இரும்புக் கரண்டியில் உருக்கி, உபயோகத்திலிருந்து தள்ளிய குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றுவாள். ஆறுவதற்குள் கம்பி வளையத்தைச் செருகினால் தூண்டில் நரம்பைக் கட்டத் தோதாகிவிடும். சட்டியின் நடுக்குழியில் ஒரு கீறல். அதில் வார்த்த ஈயத்தின் அடியில் மெல்லிய கோடு எழும்பியிருக்கும். கல்லில் கிடந்த மூன்றில் ஒன்றில் அந்தக் கோடு இருந்தது. மூன்றிலுமே வளையம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தமீம் அடுப்பங்கரை வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. "காத்து பலமா இருக்கும்ங்கிறாங்க. எம்பது கிராமுல ஒரு டஜன் வாரு ஷஃபீனா. அதுல மூணு மட்டும் கம்பி வைக்காம வாரு. நான் ஓட்ட போட்டுக்கிறேன்." முக்காட்டை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, புகையில் கண் எரிய, அவள் வார்த்துக் கொடுத்தாள். ஓட்டை எதிலும் இல்லை.

மூன்று எண்பது இருநூற்று நாற்பது. அதைக் கழித்தால் மூன்று கிலோ நானூற்று எண்பது. கணக்கு அவள் கேட்காமலே மனதுக்குள் முடிந்துவிட்டது.

போன் அடித்தது. முன்னறையில் வைத்திருந்தாள். எடுத்துக்கொண்டு தமீம் கொல்லைக்கு வந்தான். "மூர்த்தி சாரு" என்றான். அப்போதுதான் கல்லைப் பார்த்தான். அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள். அவன் முகத்தில் திடுக்கிடலைத் தேடினாள். இல்லை. கதவைத் திறந்து எதிர்பார்த்தவரை வரவேற்கிற முகம்.

அவர் ஒருநாளும் தானாகப் போன் செய்ததில்லை. அவள்தான் செய்வாள். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

கை முழுக்க மீன் ரத்தம். தமீம் குனிந்து போனை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"தங்கச்சி, அறுத்துட்டியாம்மா?" பின்னால் காற்று இரைந்தது. அவர் இன்னும் கரையில்தான் நிற்கிறார்.

"இப்பத்தாண்ணே."

"வயித்துல என்ன இருந்துச்சு?"

கணவனின் விரல் நுனி அவள் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் பட்டது, அழுத்தவில்லை.

"இறாலுண்ணே."

"எத்தன?"

"மூணு."

மூணு என்று ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு என்றிருக்கலாம், ஐந்து என்றிருக்கலாம். அந்த ஒரு எண்ணிலாவது உண்மையாக இருந்துவிடலாம் என்று வாய் நினைத்ததோ என்னவோ.

காற்று மட்டும் கேட்டது. "மூணு இறாலு. சரி. எழுதிக்கிறேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

"என்ன மச்சான் இது?" என்றாள்.

"ஈயம்."

"வெளையாடாதீங்க."

"முழுங்கிருக்கும். கொடுவாக்கு வாய் பெருசு" என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டு பக்கத்தில் குந்தினான். "இந்தா பாரு. அவரு மீனு பெருசுன்னு பாத்ததும் தெரிஞ்சு போச்சு. அந்தக் கப்பு அவருக்கு என்னத்துக்கு? வீட்டுக்குள்ளயே கொண்டுபோவ முடியாது, மாட்டுக்கொட்டாயிலதான் வைக்கணும்."

"ரெண்டாவதா அவரு இல்லாம அஜ்மீரு வந்திருந்தா?"

"அஜ்மீரு வந்திருந்தா வச்சிருக்கவே மாட்டேன். அவன் வீட்டுல மீன அறுத்தா ஊரே சிரிக்கும்ல. மூர்த்தி சாரு கைக்குப் போனா சுத்தி எங்க வரும்? ஒங்கிட்டதான வரும்." அவள் தோளில் கை வைத்தான். குரல் தணிந்தது, அதில் உண்மையாகவே ஒரு பிரியம் இருந்தது. "ஒன்ன நம்பித்தான் செஞ்சேன்."

அன்று குழம்பு வைத்தாள். தனக்கு வேண்டாம் என்றாள். பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அஃப்ரா, "வாப்பா ஜெயிச்ச மீனு, நீங்க திங்காம எப்படிம்மா?" என்று ஒரு துண்டை அவள் தட்டில் வைத்தாள். தின்றாள். ருசியாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்குப் பிறகு தமீம் நல்லவனாக நடந்துகொண்டான். மூன்று மாதமாகக் கிடந்த மிக்ஸியைப் பழுதுபார்த்தான். கடைத்தெருவிலிருந்து வரும்போது பூ வாங்கி வந்தான். குரல் உயர்த்தவில்லை. ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்ளும்போது அவள் உள்ளுக்குள் தராசில் மாட்டிப் பார்த்தாள். எதுவும் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அவன் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பாள். அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை. கேட்காமல் செய்துவிட்டு அவள் கையில் விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பதினேழு வருடத்தில் அவளுக்கு எது பிடிக்கும், எது வலிக்கும் என்பது ஒன்றும் அவனுக்குப் பிடிபட்டதில்லை. இது மட்டும் பிடிபட்டிருக்கிறது. ஈயம் மாதிரி, நரம்பு மாதிரி, அவள் வாயும் அவன் தூண்டில் பெட்டியில் ஒரு அறையில் எடுத்துவைத்த சாமான்.

அதையும்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. வேறொன்றுதான் அவளைத் தூங்கவிடவில்லை. போனைக் காதில் வைத்த அந்த நிமிடத்தில் தான் கணவனையா நினைத்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். அவன் மானத்தையா? அஃப்ராவையா? இல்லை. ‘எழுநூற்று இருபது என்று சொன்னது நானல்லவா’ என்றுதான் நினைத்தாள். ஷஃபீனா சொன்னது தப்பு என்று ஆகிவிடக் கூடாதே என்று. சொன்ன எண்ணைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள். இருபது கிராமை விட்டுத்தராதவள் தன் பேருக்காக இருநூற்று நாற்பதை விட்டுவிட்டாள். தமீமுக்கு இது தெரியாது. தனக்காகச் செய்தாள் என்று நினைத்துப் பூ வாங்கி வருகிறான்.

முதல் ஞாயிறு தெட்சிணாமூர்த்தி வரவில்லை. மீன் கிடைத்திருக்காது என்றிருந்தாள். இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. புதன்கிழமை தெருவில் மீன் விற்க வந்த தாமரைச்செல்வி கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரியோ சிரியென்று சிரித்தாள்.

"அந்த நெரவி ஐயாவுக்கு என்னம்மா ஆச்சு? ரெண்டு வாரமா புடிக்கிற மீனக் கொண்டாந்து எங்கிட்ட குடுத்துட்டுப் போறாரு. மீன்காரிக்கு மீனு குடுக்குற ஆள எங்கயாச்சும் பாத்துருக்கியா?"

ஷஃபீனா உள்ளே போய் அலமாரியிலிருந்து அந்த மூன்று ஈயத்தையும் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தாள். தமீமின் தூண்டில் பெட்டியில் அவற்றைத் திரும்ப வைக்க அவளுக்கு மனம் வந்திருக்கவில்லை, தூக்கி எறியவும் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கரைக்குப் போனாள். சோழகம் இன்னும் விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக நின்றிருந்தார். மணலில் பை, பையின் மேல் காற்றில் படபடக்காமல் செருப்பை வைத்து அழுத்திய டைரி.

"அண்ணே."

திரும்பினார். "வாங்க" என்றார்.

மூன்று வருடமாக வாம்மா என்றே கேட்டுப் பழகியிருந்தாள். காற்றில் தவறிக் கேட்டதா என்று ஒரு கணம் நின்றாள். அவர் மறுபடி கடலைப் பார்த்தார். அவள் முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் நீட்டினாள்.

"இறாலு இல்லண்ணே. இதான் இருந்துச்சு."

அவர் ஈயத்தைப் பார்க்கவில்லை. நரம்பில் விரலை வைத்தபடியே நின்றார். "தெரியும்" என்றார்.

"எப்பண்ணே?"

"தமீம் மீனக் குடுத்தாருல்ல, அப்பவே. எனக்கு கையிலதான் தெரியும்னு சொல்லிருக்கேன்ல. கை மாத்தினா உள்ள ஒண்ணோட ஒண்ணு இடிக்கிது. இறாலு இடிக்குமா?"

"அங்கயே சொல்லிருக்கலாமுல்லண்ணே."

"கப்பப் புள்ளயத் தூக்குற மாதிரி தூக்கி வச்சிருந்தாரு மனுசன். அதப் புடுங்கி நான் என்ன பண்ணப் போறேன். போவட்டும்னு விட்டுட்டேன்." இரண்டு சுற்றுச் சுற்றி நரம்பை இறுக்கினார்.

"பெறகு எதுக்குண்ணே போன் பண்ணிக் கேட்டீங்க?"

ஒரு அலை வந்து அவர் கணுக்காலைச் சுற்றிவிட்டுப் போனது.

"கேட்டுப் பாக்கணும்னு தோணுச்சு. கேட்டுருக்கக் கூடாது."

அவர் நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவளால் குனிந்து டைரியைப் பார்க்க முடிந்தது. செருப்புக்கு வெளியே பாதிப் பக்கம் தெரிந்தது. போட்டித் தேதி. சோழகம், பலம். கொடுவா, 3.720. வயிற்றில்: மூன்று இறால். பக்கத்தில் அடைப்புக்குள் சின்ன எழுத்தில், ‘ஷஃபீனா சொன்னது’. அதற்குக் கீழே இரண்டு வாரத்து மீன்கள். வயிற்றில் என்ன என்ற கட்டத்தில் வெறும் கோடு.

"தலைவரு நூர் அகமது நானாகிட்ட நான் போய் சொல்லிடுறேன்ணே. மாத்தி எழுதச் சொல்றேன்."

"மாத்தி எழுதி? திரும்ப நிறுக்க மீனு இருக்கா? தின்னாச்சு." குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "உங்க இஷ்டம். சொல்றதுன்னா சொல்லுங்க. எனக்காவ சொல்லாதீங்க."

அவர் நரம்பை முழுவதும் சுற்றி வெளியே எடுத்தார். அலை இரையைத் தின்றிருந்தது. கட்டியிருந்த ஈயம் சின்னது, இந்தக் காற்றுக்கு நிற்காமல் வடக்கே உருண்டு உருண்டு வந்திருக்கிறது. அப்போதுதான் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். ஒன்றை எடுத்து எடை பார்த்தார். அடியிலிருந்த கோட்டைப் பெருவிரலால் தடவினார்.

"நல்லா வார்த்திருக்கு. யாரு?"

"நான்தாண்ணே."

"வளையம் இல்லாம?"

"இல்லாம வேணும்னு கேட்டாரு. ஓட்ட போட்டுக்கிறேன்னாரு."

அவர் அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் இளகினமாதிரி இருந்தது. அவள் காத்திருந்தாள். தங்கச்சி என்று ஒரு சொல் வந்தால் போதும். அவர் பையிலிருந்து கிழிந்த வலைத்துணி ஒன்றை எடுத்தார். மூன்று ஈயத்தையும் அதில் பொதிந்து நாலு சுற்றுச் சுற்றி நரம்பின் நுனியில் முடிந்தார்.

"காத்துக்கு ஆவும்" என்றார்.

இரண்டடி பின்னால் வந்து ராடைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் வீசினார். இருநூற்று நாற்பது கிராமும் காற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவர் நரம்பை இழுத்துப் பார்த்தார். இந்தத் தடவை உருளவில்லை.

"மணலு பறக்குது. பாத்துப் போங்க" என்றார்.

சவுக்குத் தோப்பு ஓரத்தில் தாமரைச்செல்வி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மேலாக ஒரு பாறை மீன் கிடந்தது. விடியற்காலையில் ஐயா பிடித்துக் கொடுத்ததாம்.

"தராசம்மா, நல்ல நேரத்துல வந்த" என்று கூப்பிட்டாள். "இத டவுனுல ஓட்டலுக்காரன் எண்ணூறு கிராமுதான் இருக்கும்பான். அவன் தராசு பொய்த் தராசு. நீ கையில தூக்கிப் பாத்து ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா சரியா இருக்கும்னு ஊருக்கே தெரியும். அந்தம்மாவே சொல்லிட்டாங்கன்னு அவன் மூஞ்சில அடிக்கிறேன்."

மறுக்கிறதற்குள் மீனை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டாள். குளிர்ந்து, வழுவழுவென்று, கனமாக இருந்தது. ஷஃபீனா பழக்கத்தில் காற்றுக்கு முதுகைத் திருப்பினாள். ஒரு மூச்சு விட்டாள். இன்னொன்று. அப்புறமும் நின்றாள்.

"என்னம்மா, சொல்லேன்."

"தெரியலக்கா" என்று மீனைக் கூடையில் வைத்தாள்.

"தராசு இல்லாட்டி சொல்ல மாட்டியாக்கும்" என்று தாமரைச்செல்வி சிரித்தாள். "அவ்வளவு நேர்மை இருக்கக் கூடாதும்மா பொம்பளைக்கு."